வயலை விலை பேச வந்தவன்

செடி ஒன்றைக்கூடப் பிடுங்கிப் பார்க்காமல் கிழங்கு வியாபாரி குணாதி விலை சொன்னபோதே துகினாவுக்கு உறுத்தியது. போன வருஷம் இதே ஆள்தான் உருளைக்கிழங்கை நகத்தால் கீறி, முகர்ந்து, தோல் மெலிசு என்று அரை நாள் பேரம் பேசினான். இன்று தியெங் மேட்டின் மூடுபனியில் வரப்பில் நின்றபடியே, தோண்டாத வயலின் விளைச்சலை அப்படியே இரண்டு மடங்கு விலைக்குக் கேட்கிறான்.

"பணம் இப்பவே தர்றேன் அக்கா. பனி கருக்கினாலும் அது என் பாடு."

அவள் புருஷன் கஸ்மூடிக்கு வாயெல்லாம் பல். ஜாவா முழுக்க விலைவாசி தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த நடவுக்கு உரம் வாங்க வழியில்லாமல் அவன் முழித்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுல கலந்து சொல்றோம் தம்பி," என்று துகினா முந்திக்கொண்டாள்.

குணாதி போனதும் கஸ்மூடி சீறினான். "தேடி வர்ற சோத்தை எட்டி உதைக்கிறியே."

"பூனை வந்து எலிக்குப் பால் ஊத்துனா எலி யோசிக்க வேணாமா?"

மறுநாள் காலை பஸ் பிடித்து வோனோசோபோ சந்தைக்கு இறங்கினாள். உரக்கடையில் பாதிக் கதவு சாத்தியிருந்தது. "இன்னிக்கு வித்த காசுல நாளைக்கு அரை மூட்டைகூட வாங்க முடியலம்மா. முதலாளி விக்க வேணாம்னுட்டாரு," என்றான் கடைக்காரப் பையன்.

எதிர்க்கடை வாசலில் குணாதியின் லாரி நின்றது. சோப்பு, சர்க்கரை, தகரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தான். கிழங்கு வியாபாரிக்குச் சோப்பு எதற்கு? ரூப்பியா நோட்டுக் கட்டுகளை நெருப்புத்துண்டைத் தள்ளுவதுபோல் அவன் தள்ளிவிட்டதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. அவனுக்குக் கிழங்கின் மேல் ஆசையில்லை. கையிலிருக்கும் நோட்டு நாளைக்குச் செல்லாக்காசாகிவிடும் என்ற பயம்.

ஊர் திரும்பும் வழியில் பக்கத்து வயல் ரஸ்மினி மறித்தாள். "எங்க வயலையும் கேக்கிறான்டி. குடுக்கலாமா?"

துகினா அவள் முகத்தையே பார்த்தாள். ஆழம் பார்க்கிறாளோ? விஷயத்தைச் சொன்னால் இவள் முந்திக்கொண்டு போய் நோட்டுக்குப் பதில் உர மூட்டையாகக் கேட்டுவிட்டால்?

"எனக்கென்ன தெரியும்? உன் வீட்டுக்காரரைக் கேளு."

குணாதி திரும்பி வந்தபோது துகினா சொன்னாள்: "நோட்டு வேணாம் தம்பி. உரமாக் குடு, மிச்சத்துக்கு அரிசி."

"யாரு அக்கா சொல்லிக் குடுத்தா?"

"நீ சோப்பு வாங்குனதைப் பாத்தேன்."

அவன் வறட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனான். அன்றே ரஸ்மினியின் வயலை நோட்டுக்கு முடித்தான் என்று தெரிந்ததும் கஸ்மூடி பெண்டாட்டியோடு பேச்சை நிறுத்தினான். ஆனால் அடுத்த வாரம் குணாதியின் லாரி உரமும் அரிசியுமாக அவர்கள் வாசலுக்கு வந்தது. துகினா ஒவ்வொரு உர மூட்டையையும் பிரித்து, மண் கலந்திருக்கிறதா என்று முழங்கை வரை கைவிட்டுத் துழாவினாள். சுத்தமான உரம்.

நடவுக்காலம் வந்தபோது ரஸ்மினியின் நோட்டுக்குக் கால்வாசி உரம்கூட வரவில்லை. கடன் கேட்டு வந்தாள்.

"அன்னிக்குக் கீழ சந்தைக்குப் போய்த் தெரிஞ்சுக்கிட்டுத்தானே வந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

துகினா ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாள். ரஸ்மினி வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அந்த வருஷம் அவள் வயலில் பாதி தரிசாகவே கிடந்தது. துகினா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். என்ன பேசினார்கள் என்று துகினா கேட்டதே இல்லை.