கோட்டுக்கு வெளியே

காத்திருப்பைக் குறைப்பது பற்றிப் பேராசிரியர் ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். அவருடைய அறை வாசலில் மாணவர்கள் கால் கடுக்க நிற்பார்கள்.

அவரிடம் தொழில் மற்றும் அமைப்புப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அக்கா வீட்டுச் சோறு. அத்தான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆய்வு, அரசு மருத்துவமனையின் புறநோயாளி வரிசை. அவன் வகுத்த டோக்கன் முறையை மருத்துவமனையும் ஏற்றுக்கொண்டது. கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் டோக்கனை மூடிவிடலாம். கணினி அவரையும் வைத்தியம் பார்த்துக்கொண்டவராக எண்ணிக்கொள்ளும். சராசரிக் காத்திருப்பு பாதியானது. பேராசிரியர் பேட்டி கொடுத்தார்.

அந்த வரிசையில் அத்தானும் நின்றார். நெஞ்சு வலியோடு உட்கார இடம் தேடி வெளியே போய் வருவதற்குள் டோக்கன் மூடியாயிற்று. நாளைக்கு வரச் சொன்னார்கள். அன்று இரவே போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்ததும் அவன் கணக்கை மறுபடி போட்டான். வரிசை சுருங்கியதே ஆட்கள் பாதியில் கிளம்பிப் போனதால்தான்.

"சார், விட்டுட்டுப் போனவங்களையும் பார்த்தா நம்ம முறையே தப்புன்னு வருது."

"உன்னை யாருய்யா பார்க்கச் சொன்னது?"

"அதுல ஒருத்தர் எங்க அத்தான் சார்."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "வருத்தம்தான். ஆனா அவர் போனது வீட்டுல. நம்ம ஆய்வுப் படத்துல ஆஸ்பத்திரி வாசலோட எல்லைக் கோடு முடிஞ்சுடுது. கிளறினா உனக்குப் பட்டம் இல்ல. அப்புறம் உன் இஷ்டம்."

வாய்மொழித் தேர்வன்று அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை பிஸ்கட்டில் கவனமாக இருந்த வெளித் தேர்வாளர் திடீரென்று கேட்டார்: "பாதியில போனவங்க என்ன ஆனாங்க?"

பேராசிரியர் விட்டத்தைப் பார்த்தார். அவன் அக்காவைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த புள்ளிக்கோட்டைக் காட்டினான்.

"அது ஆய்வு எல்லைக்கு வெளியே, ஐயா."

"தெளிவான பதில்," என்று தேர்வாளர் அடுத்த பிஸ்கட்டை எடுத்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

"என்னடா கேட்டாரு? எல்லாரும் கப்சிப்புன்னு ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

"உங்க அத்தான் இருந்திருந்தா, மச்சான் டாக்டர் ஆயிட்டான்னு போன் போட்டே எல்லார் உயிரையும் எடுத்திருப்பாரு."

பேராசிரியரோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. அக்காவும் போய்க் கடைசியில் நின்றாள். அவள் முறை வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.