அப்பா என்று தேடினால்

அப்பாவின் படத்தை அம்மா ஏன் சுவரில் மாட்டவில்லை என்பது, அவர் இறந்த முதலாண்டுப் பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் அனுப்பிரியாவுக்குத் தெரிந்தது. அதுவரை கேட்டபோதெல்லாம் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, ஆணி நிற்காது என்று ஏதாவது சொல்லி மங்கலம் சமாளித்துவந்தாள். அன்றைக்கு அனுப்பிரியா விடவில்லை. கடலூர் முதுநகர் வீட்டின் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் படத்தை இழுத்தாள். செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருந்தது.

"என்னாம்மா இது? பூசைக்கு ஃபாதர் வூட்டுக்கு வந்தா எதுக்கு மாலை போடுவாரு?"

மங்கலம் கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "நல்லாத்தான் இருக்குது அனு. ஆனா இது உங்கப்பா இல்ல."

அனுப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. சும்மாவா? சிதம்பரம் மேல வீதியில் ஸ்டுடியோ வைத்து, ஊரிலுள்ள செத்தவர் முகத்தையெல்லாம் சீராக்கிக் கொடுக்கிறவள் அவள். பல் விழுந்தவருக்குப் பல், சட்டை போடாமல் படமெடுத்தவருக்குக் கோட்டு, கறுத்தவருக்குக் கொஞ்சம் வெளுப்பு. அவள் டச்சப் பண்ணிய படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் போன வாடிக்கையாளர் இல்லை. சொந்த அப்பா அந்தோணிசாமிக்குச் செய்யும்போது இன்னும் கூடவே அக்கறை எடுத்தாள். சர்க்கரை ஆலையில் பாய்லர் ஆவி அடித்து அவர் கன்னத்தில் ஏற்பட்ட தழும்பைப் புள்ளி புள்ளியாக அழித்தாள். தலையைக் கறுப்பாக்கினாள். நீலக் கோட்டு மாட்டினாள். வேலை முடிந்தபோது அப்பா ரிடையர்டு கலெக்டர் மாதிரி இருந்தார்.

"நீ கைவெக்கறதுக்கு முன்னாடி இருந்தது இருக்குதா?" என்றாள் மங்கலம். "இருந்தா அத குடு. மாட்டறேன். இல்லன்னா வுடு, மெழுகுவத்திய மட்டும் ஏத்திக்கறேன்."

இருக்கிறதா? அதுதான் தெரியவில்லை. படமெடுத்த போன், கிள்ளை படகுத்துறையில் படகில் ஏறும்போது தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு முன்பு, போன் நிறையும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் கொட்டிவைத்தது உண்டு. எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் என்று அவளைக் கேட்டால் அவள் யாரைக் கேட்பாள்? சிதம்பரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வழி முழுக்க அப்பாவின் தழும்பு எந்தக் கன்னத்தில் இருந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். வலதா இடதா என்று ஒரு நிமிடம் குழம்பிப்போனது அவளுக்குப் பயமாக இருந்தது.

ஸ்டுடியோவில் விண்டோஸின் சொந்தத் தேடல் பெட்டியில் appa என்று போட்டாள். மேலே ஒரு பச்சைக் கோடு தேர் வடம் பிடித்ததுபோல நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. பாதியில் கம்ப்யூட்டரே மூச்சு நின்றுபோய்த் திரை வெளுத்தது. கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கும் அவள் கணவன் சித்தார்த் சாயங்காலம் வந்து சேர்ந்தபோது, அவள் மூன்றாம் முறையாக அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத வெச்சித் தேடினா அடுத்த வருச பூசைக்குத்தான் கெடைக்கும். நகரு," என்றான்.

சித்தார்த்துக்கு ஒரு குணம் உண்டு. ஐம்பது ரூபாய் மவுஸ் வாங்கினாலும் பெண் பார்க்கப் போகிறவன்போல நாலு இடம் விசாரிப்பான். இப்போதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு தேடல் மென்பொருளாகத் திறந்து, யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்துவிட்டான்.

"ஏங்க, ஏதாவது ஒண்ணப் போடுங்களேன். எல்லாம் தேடறதுதான?"

"எல்லாம் ஒண்ணு இல்ல அனு. இது பாரு, ஃபைலுக்குள்ள இருக்கற எழுத்தெல்லாம் படிக்கும். வக்கீல் ஆபீஸுக்கு நல்லது. நம்ம போட்டோவுக்குள்ள என்னா எழுத்து இருக்குது? இன்னொண்ணு ஒரே மாதிரி படத்தையெல்லாம் சேத்துக் காட்டும். ஆனா மொதல்ல எல்லாத்தையும் அது பாத்து முடிக்கணும், உன்கிட்ட இருக்கற படத்துக்கு அது கெழடாயிடும்." கடைசியில் எவ்ரிதிங் என்ற ஒன்றில் வந்து நின்றான். "இது உள்ள எட்டியே பாக்காது. பேர மட்டும் பாக்கும். டிஸ்க்கு தனக்குன்னு எழுதி வெச்சிருக்கற பேரையெல்லாம் அப்பிடியே எடுத்துக்கும். அதான் வேகம். காசும் கெடையாது."

"பேரு மட்டும் போதுமா?"

"பேரு தெரிஞ்சா போதும்."

பழைய ஹார்ட் டிஸ்க்குகளையும் மாட்டி, அவற்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, காபி ஆறுவதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது. அனுப்பிரியா appa என்று தட்டினாள். கடைசி எழுத்திலிருந்து விரலை எடுக்கும் முன்பே திரை நிறைந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பே வந்தது. இத்தனை நாள் இது எங்கே இருந்தது!

சிரிப்பு நிலைக்கவில்லை. பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைக்கு வருகிற யாரும், "இன்னார் மகன் இன்னார் படம்" என்று சொல்வதில்லை. "அப்பா படம் பெருசு பண்ணணும்," "அம்மா படத்துக்கு மாலை போடணும்" என்றுதான் சொல்வார்கள். அவளும் கேட்டதைக் கேட்டபடி appa என்று சேமித்துவிடுவாள். அப்புறம் appa new, appa ok, appa ok final. இப்போது ஊரிலுள்ள அப்பாக்கள் எல்லாரும் ஒருசேர எழுந்து வந்துவிட்டார்கள்.

சித்தார்த் பெயர்களைப் படங்களாக மாற்றிக் காட்டினான். அனுப்பிரியா கீழே தள்ளிக்கொண்டே போனாள். சிதம்பரத்து அப்பா, பரங்கிப்பேட்டை அப்பா, புவனகிரி அப்பா. எல்லாருக்கும் அதே நீலக் கோட்டு. அதே கறுத்த தலை, அதே வழவழப்பான கன்னம், பின்னால் அதே மேகம்.

"அனு, நில்லு," என்றான் சித்தார்த். "கொஞ்சம் மேல போ. அதான மாமா?"

அவர்தான். அவள் தாண்டிப் போயிருந்தாள். பெற்ற மகள், சொந்த அப்பாவின் முகத்தைத் தெரியாமல் தாண்டிப் போயிருந்தாள்.

அவள் மவுஸை விட்டுவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பா இறந்தபோது காரியங்களைப் பார்க்கவேண்டியிருந்தது, ஃபிளெக்ஸ் அடிக்கவேண்டியிருந்தது, அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். அது இப்போது வந்தது. சித்தார்த் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் கலெக்டரா ஆக்கினது எங்கப்பாவ இல்லிங்க," என்றாள் கடைசியில். "அம்மா சொன்னது சரிதான். அந்த ஃபைல் மேலயே சேவ் பண்ணித் தொலைச்சிட்டேன். பழசு அதுல இல்ல."

"போன்லேருந்து கொட்டினது எங்கியாவது இருக்கும். அந்தப் படத்துக்கு நீ பேரு வெக்கல, போனே வெச்சிருக்கும். போனு தேதியத்தான் பேரா வெக்கும். என்னிக்கி எடுத்தன்னு சொல்லு."

அது அவளுக்கு நினைவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அது ஓட்டு போட்ட அன்னிக்கி இல்ல?" என்றாள் மங்கலம் உடனே. "பார்லிமெண்ட் ஓட்டு. பள்ளிக்கூடத்துலேருந்து வெரலத் தூக்கிக் காட்டிக்கிட்டே வந்தாரு. தெருவுல போற ஆட்டோக்காரன் வரைக்கும் காட்டினாரு. வாசல்ல வந்து நின்னு, எடுடி அனு, இப்ப எடுன்னாரு. நீ மறந்துட்டியா?"

தேர்தல் தேதியைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம்? சித்தார்த் சொல்லச் சொல்ல அவள் ஆண்டு, மாதம், நாள் என்று எண்களைச் சேர்த்துத் தட்டினாள். அப்பாக்கள் எல்லாரும் மறைந்தார்கள். ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க்கில், 'புதுசு' என்ற ஃபோல்டருக்குள் இருந்த இன்னொரு 'புதுசு' ஃபோல்டரில், அந்த நாள் எடுத்த கொஞ்சம் படங்கள் மட்டும் மிஞ்சின. நடுவில் ஒன்றைத் திறந்தாள்.

வாசலில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தோணிசாமி நின்றார். மை வைத்த விரல் மூக்குக்கு முன்னால் நீட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையில் வேர்வை. தழும்பு இடது கன்னத்தில் காதுவரை ஓடியது, சிரித்ததால் இன்னும் சுருங்கியிருந்தது.

"அப்பா," என்றாள் அனுப்பிரியா, எதிரில் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோல.

அப்புறம்தான் அதைப் பார்த்தாள். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அப்பாவின் தோளில் இருந்தது. மணிக்கட்டில் சிவப்புக் கண்ணாடி வளையல். கைக்குச் சொந்தக்காரி படத்துக்கு வெளியே போய்விட்டாள். அந்தக் கையை அழித்தது இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. கல்யாண குரூப் போட்டோவிலிருந்து ஆளைப் பிரித்தெடுக்கும்போது தோளில் கிடக்கும் கைகளை அழிப்பது தினப்படி வேலை. யாருடைய கை என்று பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை.

பூசைக்கு முந்தின நாள் இருவரும் கடலூர் போனார்கள். முகத்தில் எதையும் தொடாமல் பெரிதாக்கிச் சட்டம் போட்ட படத்தை அனுப்பிரியா அம்மாவின் மடியில் வைத்தாள். மங்கலம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். தழும்பைப் பார்த்தாள், விரலைப் பார்த்துச் சிரித்தாள். தோளுக்கு வந்ததும் பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

அனுப்பிரியா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ம்மா, மாலை போடற படத்துல உசுரோட இருக்கறவங்க கை இருக்கக் கூடாதும்பாங்க. கடையில யாருக்கும் நான் அப்பிடிக் குடுக்கறதில்ல. நீ சொன்னா அத மட்டும் எடுத்துட்டு வேற போட்டுக் குடுத்துடறேன். இன்னிக்கே முடிஞ்சிடும்."

"காலரு மடிஞ்சி கெடந்துச்சி," என்றாள் மங்கலம். "சரி பண்ணிட்டு நவுந்துக்கலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீ எடுத்துட்ட."

"அதான் கேக்கறேன், எடுத்துடட்டுமா?"

மங்கலம் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "கன்னத்துல நீ என்னா பண்ணியிருந்தாலும் நான் பொறுத்துக்கிட்டிருப்பேன் அனு. அந்தக் கைய எடுத்துட்டியேன்னுதான் எனக்கு. ஒரு வருசமா அவரத் தொடாமத்தான் இருக்கறேன். இதுலயாவது தொட்டுக்கிட்டு இருக்கறனே."

அனுப்பிரியா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள். சித்தார்த் வெளியே போய்ச் சுத்தியல் வாங்கிவந்தான். சுவரில் ஓதம் ஒன்றும் இல்லை, முதல் அடியிலேயே ஆணி நின்றது.

மறுநாள் ஃபாதர் வந்தார். ஜெபம் சொல்லி, ரோஜா மாலையைப் படத்துக்குச் சாத்தினார். மாலை இரண்டு பக்கமும் இறங்கித் தோளை மூடியது. எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு தலை குனிந்திருந்த நேரத்தில் மங்கலம் முன்னால் போய், யாரிடமும் கேட்காமல், மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டாள்.