தோர்விக் துரையின் வலது கை

பூங்காவின் நடுவில் வெண்கலச் சிலையாக நிற்கும் தோர்விக் துரையை யாரோ தலையிலிருந்து கால் வரை ஊதாத் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். காலை நடைக்குப் போன என்னுடைய கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. தபசுகாலத்தின் கடைசிக் கிழமைகளில் கோயிலிலுள்ள சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவது எங்கள் வழக்கம். உயிர்ப்புத் திருநாள் வரும் வரைக்கும் ஒரு புனிதரின் முகமும் பார்க்கக் கிடைக்காது. புலம்பெயர்ந்து இந்த ரோவில் புறநகருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் கோயிலில் அந்த வேலை என்னுடையது. நான் ஏணியில் ஏறுவேன், எங்கள் மன்னார்ப் பொடியன் எறிக் ஏணியைப் பிடிப்பான். இந்த வருடம் என் முழங்கால் வேலைநிறுத்தம் செய்ததால் எறிக் ஏறினான், நான் பிடித்தேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். துணி எங்கள் கோயில் அந்தோனியாருடையது. ஓரத்தில் மெழுகுதிரி உருகி விழுந்த கறை இருந்தது. துரையின் இடுப்பில் கயிற்றைச் சுற்றிப் போட்டிருந்த முடிச்சு மன்னார்க் கரையில் வலைக்குப் போடுகிற முடிச்சு. இந்தப் பகுதியில் அந்த முடிச்சுத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். நான் இல்லையென்பது எனக்கு ஓரளவு நிச்சயமாகத் தெரியும்.

துரையின் கதையைச் சொல்லவேண்டும். செம்மறி ஆடு கொண்டுவந்து இந்த நிலத்தை வளப்படுத்தியவர் என்று பீடத்தில் பொறித்திருக்கிறது. வலது கையை நீட்டிக் கிழக்கே எதையோ காட்டிக்கொண்டு நிற்பார். அந்தத் திசையில் இப்போது டயர்க் கடை ஒன்று இருக்கிறது. போன மாதம் நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள், சிலை இருக்கவேண்டுமா வேண்டாமா என்று. சரித்திரத்தை அழிக்கமுடியாது என்று ஒரு கிழவர் மேசையில் தட்டினார். ஒரு பெண் எழுந்து, துரையின் தகப்பனுக்கு மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டமும் அடிமைகளும் இருந்ததாகவும், இங்கிலாந்தில் அடிமைமுறையை ஒழித்தபோது அரசாங்கம் அந்த எசமானுக்கு நட்ட ஈடு கொடுத்ததாகவும், அந்தக் காசுதான் இங்கே ஆடாக வந்து இறங்கியதாகவும் விளக்கினார். எனக்குப் பக்கத்தில் இருந்த எறிக் குனிந்து என் காதில் கேட்டான்.

"அங்கிள், அந்த அடிமையளுக்கு என்ன குடுத்தவங்கள்?"

"ஒண்டுமில்லை."

பின்வரிசையில் இருந்த மகேந்திரராசா, ஓய்வுபெற்ற கணக்காளர், எங்கள் இருவரின் தோளையும் தட்டினார். "வெள்ளையன் வைச்சதை வெள்ளையன் உடைக்கட்டும். நாங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போவம்" என்றார்.

பிரிஸ்டலில் இருக்கும் என் அக்காவின் மகன் சுகிர்தனுக்கும் இந்தக் கூட்டத்தைப் பற்றிப் போனில் சொன்னேன். அங்கே சில வருடங்களுக்கு முன் அடிமை வியாபாரி ஒருவனின் சிலையை இழுத்துத் துறைமுகத்தில் தள்ளினார்களே. "சிலையைத் தள்ளுறது சுகம் மாமா. கடைக் கண்ணாடிக்குக் கல்லெறியிறவனைத் தள்ளுறதுதான் பாடு" என்றான். போன தடவை வெளிநாட்டவருக்கு எதிராகக் கலவரம் வந்தபோது தன் கடையைப் பூட்டிவிட்டு மேல்மாடியில் இருந்தவன் அவன்.

அன்று காலை நான் பூங்காவில் நிற்கும்போதே மாநகரசபை ஆட்கள் வந்து துணியை அவிழ்த்தார்கள். துரையின் வலது கை மணிக்கட்டோடு இல்லை.

வீட்டுக்குள் நான் செருப்பைக் கழற்ற முதலே என் மனைவி யசிந்தா குசினியிலிருந்து வந்தாள். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, என்னை நேராப் பார்த்துச் சொல்லுங்கோ. இது உங்கட வேலைதானே?"

"என்ர முழங்காலைக் கேட்டுப் பார்."

"உங்கட முழங்காலும் உங்களோட சேர்ந்து பொய் சொல்லும்."

அவளிலும் பிழையில்லை. பேசாலைக் கடலில் திருக்கை ஒன்று என் ஐயாவின் மணிக்கூட்டை விழுங்கி, அடுத்த வருடம் அதைச் சரியான நேரத்தோடு கரையில் கொண்டுவந்து வைத்தது என்று நான் சொன்ன நாளிலிருந்து அவள் என்னை நம்புவதில்லை. அது எங்கள் கலியாணத்துக்கு முதல் நாள்.

எறிக்கைத் தேடிப் போனேன். அவன் வள்ளத்தில் அகதியாக வந்தவன். பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து வாழ்கிறான். பொலிசில் பேர் விழுந்தால் விசா போய்விடும், விசா போனால் தடுப்புமுகாம், அதற்குப் பிறகு கொழும்பு விமானம். பூங்காவில் புல்லு வெட்டுவதும் மரக்கொப்புத் தறிப்பதும் அவனுக்கு ஒப்பந்தக்காரன் கொடுத்த வேலை. ஏணி அவனுடைய வாகனத்தின் கூரையிலேயே கிடக்கும். பூங்காவில் எல்லாரும் அந்த ஏணியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"கொப்புத் தறிக்கேக்க அது சரிஞ்சு சிலையின்ர கையில விழுந்திட்டுது அங்கிள். கை முறிஞ்சு போச்சு. பயத்தில மூடினனான்."

"துணி?"

"கோயில் திறப்பு என்னட்டத்தானே. அந்தோனியாரிட்டையிருந்து கழட்டினனான்."

"ஒப்பந்தக்காரனிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"உந்தக் கூட்டம் நடந்த பிறகோ? கொப்பு விழுந்தது எண்டால் ஆர் நம்புவினம்?"

"கை எங்கை?"

"குப்பையோட குப்பையாப் போயிட்டுது."

ஒவ்வொரு பதிலும் கேள்வி முடிய முதலே வந்தது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பொய்யைப் பற்றி எனக்கு ஓரளவு அறிவு உண்டு. உண்மையைச் சொல்கிறவன் இடையில் தடக்குவான், தலையைச் சொறிவான், முதல் சொன்னதை மாற்றுவான். பொய்தான் இஸ்திரி போட்ட சேட்டு மாதிரி வரும். ஆனால் அவன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். நான் மேலே கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் பூங்காவுக்குப் போனபோது மெலிசா என்ற பொலிஸ்காரி எறிக்கின் வாகனத்தருகே நின்று ஏணியின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள். எறிக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் நேரே போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சிலையை மூடியது நான் என்று சொன்னேன்.

அவள் என் கைத்தடியைப் பார்த்தாள். ஏன் மூடினீர்கள் என்று கேட்டாள்.

தபசுகாலத்தில் மூடாமல் விட்ட சுரூபம் பொழுதுபட இறங்கி நடக்கும், எங்கள் ஊரில் செபஸ்தியார் ஒருமுறை கள்ளுத் தவறணைக்குப் போய்க் கடன் வைத்துவிட்டு வந்தார், கொப்பு விழுந்து கை முறிந்த மனிதரை அப்படி நடக்கவிட எனக்கு மனம் வரவில்லை என்றேன். முகத்தை அசைக்காமல்தான் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, இந்தக் கைத்தடியோடு எப்படி ஏறினீர்கள் என்று கேட்டபோது சிரிப்பு முகத்தில் இல்லை. கண் எறிக்கின் பக்கம் போய்விட்டு வந்தது.

"தம்பி, ஏணியை எடு" என்றேன்.

"அங்கிள், விசர் வேலை பாக்காதேங்கோ."

"எடுடா எண்டால் எடு."

வேண்டாம், விழுந்துவிடுவீர்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் முதற்படியில் காலை வைத்துவிட்டேன். எறிக் ஓடிவந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தான். துணியையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டேன். சபை ஆட்கள் அவிழ்த்ததை அன்றே கெஞ்சி வாங்கி, கோயிலுக்குக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு படிக்கும் என் முழங்கால் ஒரு புனிதரின் பேரைச் சொன்னது. புனிதர்கள் முடிகிற இடத்தில் துரையின் கை வந்தது.

முறிந்த வெண்கலம் எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். வள்ளத்து மோட்டார் எத்தனை உடைந்திருக்கிறது. விளிம்பு பிய்ந்து, வளைந்து, பல்லுப் பல்லாக இருக்கும். இது அப்படியில்லை. சீசாவின் வாய் மாதிரி வட்டமாக, நேராக, பளபளவென்று இருந்தது. துரையின் சட்டைக் கை மடிப்பில் பொன் நிறத்தில் அரத்தூள் ஒட்டியிருந்தது. ஒரு நிமிட வேலையல்ல. ஒருவன் ஆறுதலாக, உலோகம் அறுக்கும் வாளை மாற்றி மாற்றிப் பிடித்து, அறுத்து முடித்திருக்கிறான்.

கீழே பார்த்தேன். எறிக் என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கைகள் ஏணியில் அசையாமல் இருந்தன.

"கவனம், அங்கிள்" என்றான், மெல்ல.

எனக்கு அது எச்சரிக்கையா கரிசனையா என்று விளங்கவில்லை. என் முழுப் பாரமும் அவன் கையில் இருந்தது.

அங்கே என்ன தெரிகிறது, கொப்பு விழுந்த அடையாளம் இருக்கிறதா என்று கீழேயிருந்து மெலிசா கேட்டாள்.

"கொப்புத்தான்" என்றேன். "பெரிய கொப்பு."

முதலில் மணிக்கட்டைத்தான் மூடினேன். பிறகு தலை, தோள். இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடும்போது மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. துணி உப்பியது. கை இல்லாத இடத்தில் துணி நீண்டு, உள்ளே ஒருவர் இன்னும் எதையோ காட்டிக்கொண்டு நிற்பதுபோல டயர்க் கடைப் பக்கம் எழும்பி நின்றது. அதை அமத்திப் பிடிக்க நான் ஒரு கையை நீட்டினேன். அப்போது ஏணி என் காலடியில் ஒருமுறை அழுந்தியது.

குனிந்தேன். எறிக்கின் கைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள். கீழ்ப்படியில் மெலிசாவின் பொலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்து.