படம் எடுத்தவர் இறந்த ஆண்டு

அக்காவுக்குத் தலை சுற்றியது. அம்மாவின் தையல் குறிப்புகளைப் புத்தகமாக்க நாலு வருடம் நாயாய் உழைத்தவள், கடைசியில் அட்டைப்படத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். அம்பது வருடத்துக்கு மேல் பழைய படம் அது: அம்மா மிஷினில் தைக்கிறாள். பக்கத்தில் பத்து வயது அக்கா இளிக்கிறாள். அம்மா வேலை செய்கிற படம் இதைவிட்டால் வேறு கிடையாது.

பதிப்பாளர் போனில் பொறுமையாக விளக்கினார். "இங்க படம் எடுத்து அம்பது வருஷம் ஆனாப் போதும்மா, யார் வேணாப் போடலாம். புத்தகம் வெளிநாட்டுலயும் விக்கப் போகுதே. அங்க, எடுத்தவர் செத்து எழுபது வருஷம் ஆகணும்."

"எடுத்தது எங்கப்பாங்க. அவர் போய் ஒன்பது வருஷம்தான் ஆச்சு."

"அப்ப உரிமை வாரிசுங்களுக்கு. எல்லாரும் கையெழுத்துப் போடணும்."

"வாரிசு நான்தானே? எனக்கு நானே அனுமதி கொடுக்கணுமா?"

"ஆமாம்மா. வேற யாராவது இருக்காங்களா?"

இருந்தாள். ஒரே படம் இங்கே ஊர்ச்சொத்து, விமானம் ஏறி இறங்கினால் அப்பா சொத்து. இதென்ன கூத்து என்று குழம்பிக்கொண்டிருந்தவள், தங்கை ஞாபகம் வந்ததும் போனை வைத்தாள்.

பேச்சு நின்று ஆறு வருடம். அம்மா இறந்த மாதமே அந்த மிஷினை அக்கா யாரையும் கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இடத்தை அடைக்கிறதே என்றுதான் கொடுத்தாளாம்; அதற்குப் போய் இவ்வளவு ரோஷமா என்று இன்னும் முணுமுணுக்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. கையெழுத்து வராவிட்டால் அட்டையில் ஏதோ ஒரு பூப்படம்தான். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அப்பா எடுத்த படத்துல என்னிக்காவது யாருக்காவது நெத்தி வெட்டுப்பட்டிருக்கா?"

அக்கா படத்தைப் பார்த்தாள். அம்மாவுக்குப் புருவத்தோடு படம் முடிந்திருந்தது.

"அப்பா வேலைக்குப் போயிருந்தார். கேமராவைத் திருட்டுத்தனமா எடுத்தது நான். உனக்கு எங்க ஞாபகம் இருக்கும்? படத்துல இருக்கறவ நீ."

"அப்ப உரிமை..."

"என்னோடதுதான். நான் செத்து எழுபது வருஷம் கழிச்சுத் தாராளமாப் போட்டுக்கோ."

சிரிப்பதா அழுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "நீ வேண்டாம்னா பூவே போட்டுக்கறேன்" என்றாள்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "போட்டுக்கோக்கா. இந்தத் தடவையாவது கேட்டியே."

பதிப்பாளர் அனுப்பியிருந்த அனுமதிப் படிவத்தை அக்கா இழுத்தாள். ‘படம் எடுத்தவர் இறந்த ஆண்டு’ என்ற கட்டத்தில் அப்பாவுக்காக எழுதியிருந்ததை அடித்தாள். ‘உயிரோடு இருக்கிறாள், என் தங்கை’ என்று எழுதினாள். கட்டம் போதவில்லை.