ஆறு மாச அவரை

என் மனைவி தாட்சாயிணி காய்கறி விதையை நிறம் பார்த்து வாங்குவதில்லை, ருசி கேட்டும் வாங்குவதில்லை. எத்தனை நாளில் சட்டிக்கு வரும் என்றுதான் கேட்பாள். முளைக்கீரை இருபத்தைந்து நாள். அதற்கு மேல் போனால் வேண்டாம்.

தப்பு அவளுடையதல்ல. ரயில்வேயில் டிக்கெட் குமாஸ்தாவான என்னைக் கலியாணமான ஆறு வருஷத்தில் நாலு ஊருக்குத் தூக்கியடித்திருந்தார்கள். திருவள்ளூரில் அவள் வைத்த கத்தரி பூத்த வாரம் மாற்றல். கூடூரில் புடலம்பிஞ்சு நேராக வளர அவள் கல் கட்டினாள். மறுநாள் நாங்கள் மூட்டை கட்டினோம். எனக்குப் பின்னால் வந்த குமாஸ்தா புடலங்காய்ப் பிரியன் என்று கேள்வி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கீரைதான். என்னைக் கீறினால் பச்சையாகத்தான் வடியும்.

அம்பத்தூருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆடி வெள்ளிக்கிழமை, ஏரிப் பக்கத்து வயல்களில் வேலை செய்யும் வேம்புலியம்மாள், சாம்பலில் புரட்டிய விதைகளை முறத்தில் கொண்டுவந்து பரப்பினாள்.

"இன்னாம்மா, இந்த வருசமும் கீரதானா? மாடுகூட மாத்தித் துன்னுதும்மா."

தாட்சாயிணியின் விரல் கீரையைத் தாண்டிப் போயிற்று. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட விதை ஒன்றை எடுத்தாள்.

"இது எத்தினி நாளு?"

"பந்தல் அவரம்மா. இப்ப ஊனுனா பனி உழுந்தப்பறம்தான் காய்க்கும். தை வரிக்கும் பறிச்சிகினே இருக்கலாம். ஆறு மாசம்."

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டு வருசமா இங்கதானே கீறோம். வெக்கலாமா?"

என் சட்டைப் பையில் குண்டக்கல் மாற்றல் உத்தரவு இருந்தது. திங்கட்கிழமை வந்தது. தலைமைக் குமாஸ்தா பதவி உயர்வோடு.

"வை, வை. அவரை உடம்புக்கு நல்லது" என்றேன். வீரத்தில் நான் அப்படி.

அவள் அடி வைத்துப் பந்தலுக்கு இடம் அளந்தாள். துணிக்கொடியை வேப்பமரத்துக்கு மாற்றிக் கட்டலாம் என்றாள். எந்த ஊர் வீட்டிலும் அவள் ஆணியைக்கூட இடம் மாற்றியதில்லை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. காகிதத்தை எடுத்து நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"எப்போ வந்திச்சு?"

"திங்கக்கிழமை."

"அஞ்சு நாளா சட்டையில வெச்சிகினு சோறு துன்னீங்களா?"

"திங்கள் ராத்திரி சாப்பிடலை" என்றேன்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. அவரையை முறத்திலேயே போட்டாள். "யக்கா, கீரையே குடுத்துடு."

நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். பதவி உயர்வு வேண்டாம், குடும்ப நிலை காரணமாக இங்கேயே விட்டுவைக்க வேண்டும் என்று மனு எழுதி ஸ்டேஷன் மாஸ்டர் லோகநாதனிடம் நீட்டினேன்.

"குடும்பத்துல இன்னாய்யா கஷ்டம்?"

"அவரைக்காய், சார்."

"யோவ், அத குண்டக்கல்லயும் விக்கறான்யா!"

"விப்பான் சார். எங்க ஊட்டுல அத பறிக்கணும்ன்றா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியத்துக்கு மருந்து தெரியாதவர்போல மேலே அனுப்பக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கீரைப் பாத்தி கொத்திக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"மேலாபீசு வெள்ளக்கார தொரை ஒத்துப்பானா?"

"தெரியாது. பதில் வர ஒரு மாசம் ஆகும். வேண்டாம்னு எழுதுனதுக்கு இன்னும் தூரமாத் தூக்கியடிச்சாலும் அடிப்பான்."

"தலமக் குமாஸ்தான்னா மேச நாற்காலி தனியா தருவாங்களா?"

"தலைக்கு மேல விசிறிகூட. இழுக்க ஆள் உண்டு."

"அத வாணாம்னு எழுதிட்டீங்க."

"ஆமாம்."

களைக்கொத்தைக் கீழே போட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊர் சுற்றி விற்றுவிட்டு நாலு வீடு தள்ளி வந்துகொண்டிருந்த வேம்புலியம்மாளைத் தெருவே திரும்பும்படி கூப்பிட்டாள்.

"யக்கோவ்! அந்த அவரையக் குடு!"

என்னிடம் கடப்பாரையைத் தள்ளினாள். ரயில்வே கோட்டோடு நான் தோண்டிய குழி, குழிபோலவே இல்லை. கோணலாக ஏதோ பிராணி பறித்ததுபோல் இருந்தது. அவள் கையாலேயே சரிசெய்து, எருவைப் போட்டு, மூன்று விதைகளை ஊன்றினாள்.

"பதில் வர்றதுக்குள்ள கொடி கம்பைப் புடிச்சிக்கும்" என்றாள். "நீங்க போயி தண்ணி எடுத்துகினு வாங்க."