வீட்டுக்குக் கிளம்பும் நாளில் எடுத்த ஈ.சி.ஜி.

இருபது வருடமாக ஈ.சி.ஜி. எடுப்பவள் அந்த அத்தை. தன்னைவிட வேகமாக வயர் மாட்ட அந்த ஆஸ்பத்திரியில் ஆளில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து, காய்ச்சலும் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. அதுதான் வினையாகப் போயிற்று. தன் நாலு வயது மகளுக்கு ஜுரம் விடவே இல்லை, கண் சிவந்திருக்கிறது, உதடு வெடித்திருக்கிறது என்று தம்பி மனைவி போன் செய்தபோதெல்லாம், "வைரல் ஜுரம்தான், ஒண்ணுமில்ல, தானா எறங்கிடும்" என்று வாய் கூசாமல் சொன்னாள். ஆறு நாள் சொன்னாள்.

ஏழாம் நாள் குழந்தையை அவள் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உடம்பெல்லாம் ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றன, இதயத்தின் குழாய்களையும் பிடிக்கலாம், இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். தம்பி மனைவி அத்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அத்தைக்கு.

மருந்து ஏற்றியதும் ஜுரம் இறங்கியது. நாலாம் நாள் காலையில், கடைசியாக ஒரு ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். கீழே தம்பி ஆட்டோவோடு தயாராக நின்றான்.

அத்தை குழந்தையின் நெஞ்சில் ஸ்டிக்கர்களை ஒட்டி, வயர்களை மாட்டி, பட்டனை அழுத்தினாள். தாள் நகர்ந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாள் எடுத்த தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் நன்றாக எழும்பி நின்ற சின்ன மேடு, இன்று தட்டையாகப் படுத்துக் கிடந்தது. இதயத்தை நோய் பிடித்தால் இப்படி ஆகலாம்.

குழந்தைகளுக்குச் சில சமயம் அலை எகிறித் தாளில் அடங்காது. அப்போது மெஷினைப் பாதி அளவில் வைப்பார்கள்; எல்லா மேடும் சிறுத்துத்தான் விழும். முந்தைய ஷிப்டுக்காரி அப்படியே விட்டுப் போயிருப்பாள், மறதிப் பிண்டம்! அந்த மறதிக்காக எத்தனையோ முறை அவளைக் கிழித்தெடுத்த அத்தை, இன்று மனதுக்குள் அவளுக்குக் கும்பிடு போட்டபடி தாளில் அளவு காட்டும் குறியைப் பார்த்தாள். பத்துச் சின்னக் கட்டம் உயரம். முழு அளவுதான்.

தப்பு என்னுடையதாக இருக்கட்டும், கடவுளே, என்று ஸ்டிக்கர்களைப் பிடுங்கிப் புதிதாக ஒட்டினாள். இரண்டாம் தாளும் அப்படியே வந்தது. மூன்றாவதற்குப் பட்டனை அழுத்தினாள்.

"ஏன் அண்ணி திரும்பத் திரும்ப எடுக்கிறீங்க?" என்றாள் கட்டிலருகே நின்ற தம்பி மனைவி.

"வயர் சரியா ஒட்டல போல. ஒண்ணுமில்ல."

சொன்ன பிறகுதான் அதே 'ஒண்ணுமில்ல' அவள் காதிலேயே விழுந்தது. இந்த வாய் இன்னும் திருந்தவில்லையே. தம்பி மனைவியோ நிம்மதியாகக் குழந்தையின் சட்டைப் பட்டனைப் போடத் தொடங்கினாள். மூன்றாம் தாளிலும் மேடு எழும்பவில்லை.

"பட்டன் போடாதம்மா" என்றாள் அத்தை. "ஆட்டோவ அனுப்பிட்டுத் தம்பிய மேல வரச் சொல்லு. வயர்ல ஒண்ணும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். மொத நாள் மாதிரி இல்ல, மாறியிருக்கு. டாக்டர் உடனே பாக்கணும். எனக்குப் பயமா இருக்கு."

தம்பி மனைவி போனை எடுத்துக் கணவனை மேலே வரச் சொன்னாள். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அத்த, எனக்குச் சரியாயிடுச்சுல்ல?"

அத்தை வாயெடுத்தாள். அதற்குள் தம்பி மனைவி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அத்தைகிட்ட கேக்காதடா கண்ணு. டாக்டர் வந்து சொல்லட்டும்."

அத்தை மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.