ஷட்டருக்கு இரண்டு அங்குலம் மேலே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் மூளையைக் கசக்கி எழுதியது அல்ல. வாரப் பத்திரிகைக்குக் கதை கொடுக்க இரண்டே நாள் இருந்தது. தலைக்குள் ஒரு வரி கூட இல்லை. கால் போன போக்கில் நடந்தேன். மச்சினனின் மெக்கானிக் ஷெட் வாசலில் கூட்டம். எட்டிப் பார்த்தால் கதை உள்ளே நின்றுகொண்டிருந்தது, நான்கு பெரிய டயர்களின் மேல், வெளியே வர முடியாமல்.

வீட்டுக்கு வந்து இப்படி ஆரம்பித்தேன்: "மழை ஓய்ந்த அந்த மதியப் பொழுதில் வானம் மெல்லத் தன்..."

(வானம் தன் எதையாவது செய்துகொள்ளட்டும். விட்டுவிட்டேன்.)

அடுத்த முயற்சி: "மாட்டு டாக்டரம்மாவின் பிக்கப் வண்டி போன மாதம் ஓடைக்கு நடுவே நின்றுபோனது." இது தேறும். இங்கிருந்தே போகலாம்.

2

நின்றது என்றால் அசையாமல் நின்றது. வண்டியின் வயிறு கல்லில் தட்டி, சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுற்றின. டாக்டரம்மா பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார். அக்கரைப் பண்ணையில் ஈன முடியாமல் தவித்த மாட்டிடம் போய்ச் சேர்ந்தபோது கன்று இறந்துவிட்டிருந்தது. பண்ணைக்கார அம்மா கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

"திட்டியிருந்தாக்கூட பரவால்ல" என்றாராம் டாக்டரம்மா என் மச்சினனிடம். "தம்பி, வண்டிய ஒசத்திக் குடு. இனிமே அந்த ஓடை என்னை நிறுத்தக் கூடாது."

மச்சினன் அதுவரை எந்த வண்டியையும் உயர்த்தியதில்லை. "பண்ணிடலாம்ங்க" என்றான்.

பண்ணினான். நீளமான ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர், பெரிய டயர். பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று குனிந்து பார்த்தான். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, டயர் மட்கார்டில் உரசும் இடத்தைச் சீவி எடுத்தான். ஸ்பிரிங்கால் மூன்று அங்குலம், டயரால் இரண்டு. ஆக ஐந்து.

(ஓரக்குறிப்பு: டயரின் குறுக்களவு நாலு அங்குலம் கூடினால் வண்டி ஏறுவது இரண்டுதான். ஏன் என்று கேட்டேன். மச்சினன் ஒரு பிஸ்கட்டை மேசையில் நிறுத்தி, நடுவில் விரல் வைத்து விளக்கினான். பிறகு விளக்கத்தைத் தின்றுவிட்டான்.)

டேப் வைத்து எல்லாவற்றையும் அளந்தான். ஒன்றைத் தவிர. ஷெட்டின் ஷட்டரை.

3

இந்த இடத்தில் என் மனைவி குறுக்கிட்டாள். என் கதைகளுக்கு முதல் வாசகி அவள். இந்தக் கதை நாயகனுக்கு அக்காவும் கூட.

"இப்படி ஒரு மடையன் இருப்பானா?"

"உன் தம்பிதானே."

"அதுக்காக? கொஞ்சம் புத்திசாலியா எழுதினா பேனா தேஞ்சிடுமா?"

எழுதிப் பார்த்தேன். அவன் ஷட்டரை முதலிலேயே அளக்கிறான். வேலையை வெளியே வைத்துச் செய்கிறான். வண்டி போய்விடுகிறது. கதையும் கூடவே போய்விடுகிறது.

அதை அவளிடம் காட்டினேன். படித்தாள், தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, மடையனாவே இருக்கட்டும். ஆனா வழி அவன்தான் கண்டுபிடிக்கணும். நீங்க உள்ள பூந்து பேரைத் தட்டிக்கிட்டுப் போகக் கூடாது."

ஒப்புக்கொண்டேன்.

4

மூன்று மணிக்கு டாக்டரம்மாவின் போன் அடித்தது. அதே அக்கரைப் பண்ணை. இன்னொரு மாடு, தலைச்சன் ஈற்று, பனிக்குடம் உடைந்துவிட்டது.

"நாலு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும். எடு தம்பி வண்டிய!"

அவரே ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். மூக்கு வெளியே வந்தது. கூரை ஷட்டர் பெட்டியில் "டக்" என்று முட்டியது. மச்சினன் டேப்பை நீட்டினான். இரண்டு அங்குலம் இடித்தது.

"இத உள்ள எப்படிடா கொண்டாந்த?"

"வரும்போது குள்ளமா இருந்துச்சுங்க."

(கெட்டிக்கார வாசகர் ஒருவர் இப்போது கையை உயர்த்துவார்: பழைய டயரை மாட்டி வெளியே எடுக்கலாமே? எடுக்கலாம் ஐயா. டயர் கடைக்காரர் காலையிலேயே அவற்றை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஸ்பிரிங்கைக் கழற்றலாமே? மூன்று மணி நேரம்.)

முடிவு அ: மச்சினன் சம்மட்டியை எடுத்து உத்தரத்தை

(இல்லை. ஷெட்டுக்கு மேல் மாடியில் வீட்டுக்காரர் குடியிருக்கிறார். பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டும் இருக்கிறார்.)

முடிவு ஆ: டாக்டரம்மா இறங்கி மறுபடியும் பையைத் தலையில்

(இதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பண்ணைக்கார அம்மா மறுபடியும் கைக்குத் தண்ணீர் ஊற்றும் காட்சியை என்னால் எழுத முடியாது.)

5

மச்சினன் நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினான். ஒரு அங்குலம் கிடைத்தது. இடைவெளியைப் பார்க்கப் பின் பம்பரில் ஏறி நின்றான். நின்றவன் அப்படியே உறைந்தான். இறங்கினான். மறுபடி ஏறினான். ஸ்பிரிங் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அமுங்கி, ஒரு நூல் எழுந்தது.

"யாரும் போகாதீங்க!" என்று கத்தினான். "எல்லாரும் வண்டில ஏறுங்க!"

பக்கவாட்டுக் கதவு வழியாகத் தெருவே உள்ளே வந்தது. தையல்கடை அக்காக்கள் மூன்று பேர். சலூன்காரர், அவர் பின்னாலேயே பாதி முகம் நுரையோடு அவருடைய வாடிக்கையாளர். வேடிக்கை பார்த்த வீட்டுக்காரரும் மாடியிலிருந்து இறங்கி வந்தார், "என் உத்தரத்துல கீறல் விழுந்துச்சு, தெரியும் சேதி" என்றபடி. கடைசியாக மாவுமில் அண்ணன். தெருவே அவரை உடம்பைச் சொல்லிக் கிண்டல் செய்யும். இன்றைக்கு வழிவிட்டு நின்றது.

"அண்ணே, வாங்க வாங்க, இன்னைக்கு உங்க நாள்!"

"போன மாசம் வந்திருக்கணும்டா. வீட்ல சொன்னாங்கன்னு நாலு கிலோ எறக்கிட்டேன்."

"கெடுத்தீங்களேண்ணே!"

டாக்டரம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். போன மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மச்சினன் தரையில் மண்டியிட்டு மேலே பார்த்தான். "இன்னும் அரை விரல்!" சுற்றிலும் தேடினான். சுவரோரம் நோட்டில் குறிப்பெடுத்தபடி நின்ற என்னைக் கண்டுபிடித்தான்.

"மாமா! எழுதினது போதும். ஏறுங்க!"

ஏறினேன். எழுபத்திரண்டு கிலோ, நோட்டையும் சேர்த்து. வண்டி முனகியது, அமுங்கியது.

"ஒரு நூல்தான் இடிக்குது! இன்னும் ஒரே ஒரு ஆளு!"

தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் வண்டிக்குள் இருக்கிறோம், கீழே நின்று இடைவெளி பார்க்க வேண்டிய மச்சினனைத் தவிர.

6

"கன்னு என்ன ஆச்சுன்னு எழுதுங்க" என்கிறாள் மனைவி. வண்டி வெளியே போகாமல் எப்படி எழுதுவது? மணி மூன்று இருபது. வாசலில் கம்ப்ரஸர் தயாராக இருக்கிறது. வெளியே போனதும் காற்றடித்துக்கொள்ளலாம். அக்கரையில் அந்த அம்மா ஓடையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு நேரமாகக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது ஒருவர்தான். ஆமாம், உங்களைத்தான். எடை எவ்வளவு என்று கேட்க மாட்டேன். மாவுமில் அண்ணனுக்கும் எனக்கும் நடுவே இடம் இருக்கிறது. டூல் பெட்டி மேல் உட்காரலாம். கிரீஸ் பார்த்து, கையைக் கொடுங்கள்.

ம்... அமுங்குகிறது. டாக்டரம்மா கியர் போட்டுவிட்டார்.

தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.